கவனம் அண்ணையும் ஐந்து கெளுத்திகளும்

மொன்றியல் தமிழர்களில் கவனம் அண்ணையைப் போல உயிருக்குப் பயந்த மனிதர் வேறொருவர் இல்லை. அவரைப் போல ஆபத்தைத் தேடித் தேடிப் போனவரும் வேறொருவர் இல்லை. இரண்டும் ஒரே ஆளாக அமைந்ததுதான் எனக்கு வந்த சோதனை.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்ந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கவனம் அண்ணைதான். "போட்டு வாறன் அண்ணை" என்றால் "கவனம்" என்பார். "சாப்பிடப் போறன்" என்றாலும் "கவனம்" என்பார். ஒரு செத்தவீட்டில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது, கயிறு பிடித்தவர்களைப் பார்த்து, "கவனம், தலை இடிபடப் போகுது" என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்த இறந்தவரின் மனைவி சட்டென்று நிமிர்ந்து, பெட்டி நேராகத்தான் இறங்குகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

ஆள் மட்டக்களப்பு. கத்தோலிக்க வேதக்காரர். செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில், அதாவது தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், சமையல் வேலை பார்த்தார். பிள்ளைகளின் தொண்டையில் சிக்காமலிருக்கத் திராட்சைப் பழத்தை நாலாக வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர் அந்தச் சட்டத்தைத் தன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஐம்பது கடந்த எனக்கும் தட்டில் நாலாக வெட்டிய திராட்சைதான் வரும்.

"எனக்குப் பல் இருக்கு அண்ணை" என்றேன் ஒருமுறை.

"பல்லு இரிக்கிறவனுக்குத்தான் மனே அவசரம்" என்று அடுத்த பழத்தை வெட்டினார்.

மெட்ரோவில் அவரோடு பயணம் போவது தனி அனுபவம். வண்டி வந்து முழுதாக நின்று கதவு திறக்கும்வரை முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். கதவு திறந்த பிறகுதான் சுவரை விட்டுப் புறப்படுவார். அவர் பாதி தூரம் வருவதற்குள் கதவு மூடிவிடும். திரும்பவும் சுவர். சாதாரணமாக நாலாவது வண்டியில் ஏறுவோம். அதற்குள் டவுன்டவுனில் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் பார்த்துக் களைத்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நீந்தத் தெரியாது. இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மீன்பிடியில் பைத்தியம்.

வடக்கே இரண்டரை மணித்தியாலம் வண்டியோடினால், காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஏரி வரும். ஒரு கரையில் தும்மினால் மறுகரையில் கேட்கும் அவ்வளவு சின்னது. கறுத்த தண்ணீர். எவ்வளவு ஆழம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். காலையில் பனிப்புகார் மூடிக் கிடக்கும். அந்தப் புகாருக்குள் இருந்து லூன் என்ற பறவை கத்தும். யாரோ பைத்தியம் பிடித்த பெண் தன்பாட்டில் சிரிப்பதுபோல இருக்கும். முதல் தடவை கேட்டபோது நான் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். கவனம் அண்ணை கரையில் நின்று முழுச் சிரிப்பையும் கேட்டு முடித்துவிட்டு வந்து கண்ணாடியில் தட்டினார்.

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?"

"கை நடுங்குறது தெரியல்லியா? ஆபத்த வீட்டில இரிந்து யோசிச்சா அது வளரும் மனே. நேர போய்ப் பாத்தா அதுக்கும் ஒரு அளவுதான் இரிக்கும்."

அந்த ஏரியில் இருப்பது ஒரே ஒரு சாதி மீன். புள்ளி விழுந்த முதுகும் செம்மஞ்சள் வயிறுமாக, நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைக்கக்கூடிய ட்ரவுட். வேறெந்த மீனும் இல்லாததால்தான் அது அங்கே பிழைத்துக் கிடக்கிறது.

நான் என் வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸில் இருந்து புறப்பட்டு, செயின்ட்-மிஷேலுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டு வடக்கே போவேன். அவருக்குக் கார் ஓட்டப் பயம். செம்மஞ்சள் நிற மிதவை அங்கியை வீட்டிலேயே போட்டு, வாரெல்லாம் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் காரில் ஏறுவார். நெடுஞ்சாலையில் பக்கத்துக் காரில் வருகிறவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வானத்தைப் பார்ப்பார்கள். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, டிக்கியைத் திறந்து, அடியிலுள்ள மேலதிக டயரை அமத்திப் பார்ப்பார். இரண்டரை மணித்தியாலத்தில் மூன்றுமுறை. இந்தப் பழக்கத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்து தொலைத்தேன்.

ஏரிப் பக்கத்துக் காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பதிவுக் குடில் இருக்கும். போகும்போது பெயர் எழுத வேண்டும். திரும்பும்போது என்ன மீன், எத்தனை, என்ன நீளம் என்று சொல்ல வேண்டும். அங்கே கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு மதாம் இருந்தார். கவனம் அண்ணை அவருக்குப் பொய் சொல்லமாட்டார் என்பது மட்டுமல்ல, உண்மையையும் தேவைக்கு மேலே சொல்வார். பிடித்த மீன் இரண்டு. தூண்டிலைத் தொட்டுவிட்டுப் போனது மூன்று. கிட்ட வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது ஒன்று. கார்டெரிப் பிள்ளைகளிடம் பொறுக்கிய பிரெஞ்சில் இவ்வளவையும் அவர் ஒப்புவிக்க, மதாம் சிரிக்காமல் எழுதுவார். "பார்த்துவிட்டுப் போன மீனின் நீளம் என்ன?" என்று ஒருநாள் கேட்டார். அண்ணை யோசித்து, கையால் அளந்து காட்டினார்.

மதாம் அவருக்குச் சின்னச் சின்னக் கடித உறைகள் கொடுத்திருந்தார். பிடித்த ட்ரவுட்டின் செதிலில் நாலைந்தைச் சுரண்டி உறைக்குள் போட்டு, திகதியும் நீளமும் எழுதிக் கொடுத்தால், செதிலில் உள்ள வளையத்தை எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடுவார்களாம். ஏரியில் கிழடு எத்தனை, குஞ்சு எத்தனை என்று தெரிய அதுதான் வழி. அண்ணை அந்த உறைகளை வேதப் புத்தகத்துக்குக் கொடுக்கும் மரியாதையோடு கையாண்டார்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அது ஆவணி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஆற்றில் ஐந்து கெளுத்தி பிடித்தேன். நாலு பக்கமும் மீசை வைத்த, செதில் இல்லாத கறுத்த மீன். சேற்றிலும் உயிர் வாழும். சனிக்கிழமை ஏரிக்குப் போய்வந்து ஆறுதலாகக் குழம்பு வைப்போம் என்று வாளித் தண்ணீரில் விட்டுக் கராஜில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் மனைவி கராஜ் வாசலில் நின்றா. கையில் தொலைபேசி.

"இஞ்சாருங்கோ, நல்லூரிலை கொடி ஏறிட்டுது. இது என்ன வாளி?"

அங்கே முருகன் கோயில் திருவிழாவுக்குக் காலையில் கொடி ஏறும்போது இங்கே நாங்கள் நித்திரை. மீன் பிடிக்கும்போது விரதமில்லை. விடிந்தபோது இருபத்தைந்து நாள் விரதத்தில் நான் நிற்கிறேன், வாளிக்குள் ஐந்து மீசைக்காரரோடு.

"ஆத்திலை கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

"கொல்லாதேங்கோ. வீட்டுக்கையும் கொண்டு வராதேங்கோ. என்னவோ செய்யுங்கோ" என்று கதவை மூடினா.

ஆற்றங்கரைக்குப் போகிற ரோட்டை அன்று மறித்திருந்தார்கள். மொன்றியல் கோடையில் மரத்தைவிட ரோட்டு வேலைக்கு வைக்கும் செம்மஞ்சள் கூம்புகள்தான் அதிகம். சுற்றிப் போனேன். அங்கேயும் கூம்பு. நேரமாகிவிட்டது. விரதமென்றால் நான் தூண்டிலைத்தான் தொடமாட்டேன், அண்ணையை ஏரிக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். பிந்தினால் விபத்தென்று நினைத்துக் கவனம் அண்ணை ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கிவிடுவார். வாளியை ஒரு துவாயால் மூடி டிக்கியில் வைத்துக்கொண்டு நேரே அவரிடம் போய்விட்டேன். நடுவழியில் பெற்றோல் அடிக்க நிறுத்திக் கோப்பி வாங்க உள்ளே போய்வந்தேன். வரும்போது அவர் இருக்கைப் பட்டி போட்டுக்கொண்டு பத்திரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

ஏரிக்குப் போனோம். குடிலில் பதிந்து தந்த கடதாசியைக் காணவில்லை என்று அவர் திரும்பவும் மதாமிடம் நடந்து போனார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், நாணல் அடர்ந்த மூலையில் தண்ணீருக்குள் சரித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கடைசி மீன் திரும்பி என்னைப் பார்த்தது என்று சத்தியம் செய்வேன். விரதத்தின் முதல் நாள் ஐந்து உயிருக்கு விடுதலை கொடுத்த பெருமையில் கையெடுத்துக் கும்பிட்டேன். "முருகா" என்றேன். முருகன் அன்று வேறு வேலையாக இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு கவனம் அண்ணையின் போக்கு மாறியது. அதை நான் அப்போது விளங்கிக்கொள்ளவில்லை.

முதலாவது, வழக்கமாக நாங்கள் இருவரும் போகும் தோணியில் ஏற மறுத்தார். "நீ போ மனே, நான் கரையில இரிக்கிறன்" என்று அந்த நாணல் மூலைக்குப் போனார். இடுப்பளவு ரப்பர் சப்பாத்துப் போட்டு, இடுப்பில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கரையிலிருந்த பேர்ச் மரத்தில் கட்டினார். அதற்கு மேலே மிதவை அங்கி. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு பெரிய செம்மஞ்சள் கன்றுக்குட்டியைத் தண்ணீரில் மேயக் கட்டிவிட்டதுபோல இருக்கும்.

இரண்டாவது, கையோடு எப்போதும் ஒரு பை. கார்டெரியில் எந்தப் பிள்ளையோ விட்டுவிட்டுப் போன, டைனோசர் படம் போட்ட சாப்பாட்டுப் பை. உள்ளே என்னவென்று கேட்டால், "ஐஸ்" என்பார்.

மூன்றாவது, குடிலில் வாயடைத்துப் போனார். ட்ரவுட்டின் எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்ப்பார். மதாம் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்றைக்கு எந்த மீனும் உங்களைப் பார்க்கவில்லையா?"

அண்ணை மிதவை அங்கியின் வாரை இன்னும் ஒருமுறை இழுத்துக் கட்டினார். "நோன், மதாம்."

நாலாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழு மணிக்கு எனக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார். நான் அந்த வருடம்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். வந்து எத்தனையோ வருடம், சோம்பல். அவர் கேட்பது ஒரே கேள்வி.

"உன்ட பேப்பர் வந்திற்றா மனே?"

"இல்லை அண்ணை. வந்தால் சொல்லுவன்தானே."

"அதுமட்டும் ஒரு பிரச்சினைக்கும் போயிராத. கவனம்."

என் குடியுரிமையில் என் மனைவிக்கே இல்லாத அக்கறை இவருக்கு ஏன் என்று நான் சலித்துக்கொண்டேன்.

அடுத்த சித்திரைக்குப் பிறகு, பனி உருகி ஏரி திறந்ததும் போனோம். குடில் சுவரில் புதிதாக ஒரு அறிவித்தல். அதில் ஒரு மீனின் படம். நாலு பக்கமும் மீசை. குறுக்கே சிவப்புக் கோடு.

கிட்டப் போய் வாசித்தேன். உயிர் மீனை ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குக் கொண்டுபோவது குற்றம் என்று எழுதியிருந்தது. அது குற்றம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரியாது என்பதை யார் நம்புவார்கள்? மதாம் விளக்கினார். இந்தக் கெளுத்தி ஆனி மாதத்தில் கூடு கட்டும். குஞ்சுகள் கறுத்த பந்துபோலத் திரளாக அலையும். ட்ரவுட்டின் இரையைத் தின்னும், முட்டையைத் தின்னும், சில வருடத்தில் ட்ரவுட் இருந்த இடமே தெரியாது. பக்கத்து ஏரிக்குள் யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அது பெருகிவிட்டதால், போன இலையுதிர்காலத்தில் அரசாங்கம் மருந்து ஊற்றி ஏரியிலுள்ள அத்தனை மீனையும் கொன்றது. நல்லது கெட்டது என்று பார்க்க மருந்துக்குத் தெரியாது.

"எங்கள் ஏரிக்கும் வந்தால்?" என்று கேட்டேன்.

"இதே மருந்துதான்" என்றார் மதாம்.

திரும்பும் வழியில் கவனம் அண்ணை அந்தப் பக்கத்து ஏரியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பார்த்தோம். அழகான தண்ணீர். கண்ணாடிபோலக் கிடந்தது. ஒரு துள்ளல் இல்லை, ஒரு வளையம் இல்லை. லூன்கூட இல்லை. அந்தப் பைத்தியச் சிரிப்பைக் கேட்டால் போதும் என்று எனக்கு இருந்தது. அண்ணை கனநேரம் நின்றார். வழக்கமாகக் கரையில் நின்றால் "கவனம், வழுக்கும்" என்பார். அன்று சொல்லவில்லை.

"இஞ்ச கவனம் சொல்ல ஒண்டும் மிச்சமில்ல" என்று காரில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி பார்த்து முகம் மழித்தால் என் மீசை கெளுத்தியின் மீசையாகத் தெரிந்தது. பச்சை நிற வண்டி எதைக் கண்டாலும் காட்டிலாகா அதிகாரி என்று திரைச்சீலையை மூடினேன். அதில் பாதி, புல்வெட்ட வருகிற கம்பனி. மனைவியிடமும் சொல்லவில்லை. என் பயம் இரண்டு. ஐந்து மீனும் பெருகி அந்த ஏரியைக் கொன்றுவிடும் என்பது ஒன்று. கவனம் அண்ணைக்குத் தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்பது மற்றது. எது பெரிய பயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அவரோ அந்த வைகாசியில் முழு வெறி கொண்டவர்போல ஆனார். ஒவ்வொரு சனியும் போக வேண்டும் என்றார். பனி உருகிய தண்ணீருக்குள் இடுப்பளவில், கயிற்றோடு, பல் அடிக்க நின்றார்.

"குளிர் பிடிக்கப் போகுது, வெளியாலை வாங்கோ அண்ணை."

"ஆனி பிறக்கட்டும், மறுகா வாறன்."

"ஆனிக்கும் உங்கடை காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ அங்கால போய் ட்ரவுட்டப் பிடி. இஞ்ச நிண்டு என்ன விடுப்புப் பாக்கிறாய்?"

கோடை முடியும் தறுவாயில், ஏரியில் மீன் கணக்கெடுக்க ஆள் வருகிறது என்று மதாம் சொன்னார். வந்தது ஒரு இளம்பெண். நீளப் பின்னல், நுளம்புவலை போட்ட தொப்பி. வெள்ளி பின்னேரம் வலை போட்டு, சனி காலை தூக்குவாளாம். கூட வர வேண்டியவருக்குச் சுகமில்லை. அந்தப் பக்கத்திலேயே அதிக உறை கொடுத்தவர் என்று அவளுக்குக் கவனம் அண்ணையைத் தெரிந்திருந்தது. "மிஸியே உறை, நீங்கள் வலை இழுக்க உதவ முடியுமா?" என்றாள்.

ஒரு வருடமாகத் தோணியில் கால் வைக்காத மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு ஏறினார். டைனோசர் பையும் ஏறியது. நான் பின்னால் ஏறியது துடுப்புப் போட அல்ல, கரையில் தனியாக நின்றால் விழுந்துவிடுவேன் என்பதால்.

புகார் அப்படியே தண்ணீரில் படுத்திருந்தது. மூன்று பேருடைய மூச்சும் கேட்டது. அவள் வலையை இழுக்க இழுக்க ட்ரவுட் வந்தது. அண்ணை நீளம் அளந்து சொல்ல அவள் எழுதினாள். சின்னது, பெரியது, நடுத்தரம். "நல்லாயிருக்கு, குஞ்சும் இருக்கு" என்றாள். நான் முருகனை, பிள்ளையாரை, அண்ணை பக்கத்து மாதாவை, ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன். வலை முடியப் போகிறது. இன்னும் இரண்டு முழம். ஒரு முழம்.

கடைசிக் கண்ணியில் கறுப்பாக ஒன்று நெளிந்தது.

அவள் அதை எடுத்துத் தட்டில் போட்டாள். மீசை ஆடியது. அது என்னைத்தான் பார்த்தது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். புகாருக்குள் இருந்து லூன் சிரித்தது.

அவள் முகம் மாறிவிட்டது. "ஒன்று இருந்தால் நூறு இருக்கும்" என்று மெல்லச் சொன்னாள். "மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும்."

அறிவித்தால் மருந்து. இந்தப் புள்ளி மீனெல்லாம் வயிறு மேலே தெரிய மிதக்கும். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்..." என்று தொடங்குவதற்குள் கவனம் அண்ணை எழுந்து நின்றார். தோணியில் எழுந்து நிற்கக் கூடாது என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர் எழுந்து நின்றார்.

"நான்தான் கொண்டு வந்து போட்டன்" என்றார் பிரெஞ்சில். டைனோசர் பையைத் திறந்து, மாம்பழ ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே நாலு கெளுத்தி, வாலை மடக்கி உறைந்து கிடந்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு உறை. திகதி, நீளம், இடம், அவருடைய குண்டுக் கையெழுத்தில். "நாலு. இதோட அஞ்சு. முடிஞ்சிது."

"அண்ணை, உங்களுக்கு எப்பிடி..."

"டயர் பாக்க டிக்கியத் தொறந்தன். வாளிக்க அஞ்சு கிடந்திச்சி. வீட்ட கொண்டு போறாயாக்கும் எண்டு நெனச்சன். திரும்பி வரக்குள்ள வெறும் வாளி."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ பயந்திருவாய். பயந்தவன் நேர குடிலுக்குப் போய் ஒளறுவான். உன்ட பேப்பர் வராமக் கிடக்கு. கேஸ் ஒண்டு விழுந்தா தருவானா? பேப்பர் வரட்டும், மறுகா ஏசுவம் எண்டு இரிந்தன்."

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் தலைக்குள் அடித்தன. எங்களைப் பார்த்துவிட்டுப் போன மீனுக்கே கணக்குக் கொடுத்த மனிதர், எனக்காக நாலு மீனை மறைத்து, மதாமின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு வருடம் நிலத்தைப் பார்த்திருக்கிறார்.

"இல்லை, நான்தான் போட்டனான்" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"அவனுக்கு விசர், நான்தான்."

"அண்ணை, சும்மா இருங்கோ. வாளி என்ரை."

"வாளி ஆர்ட எண்டு ஆர் கேட்டது? இரிடா, தோணி பெரளப் போகுது."

"நீங்கள்தான் நிக்கிறியள்."

அவர் குனிந்து பார்த்தார். தான் நிற்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தார். அந்தப் பெண் தமிழில் ஒரு சொல்லும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் நடந்ததை முழுதாகச் சொன்னேன். விரதத்தையும் கொடியையும் ஆங்கிலத்தில் விளக்குவதுதான் கடினமாக இருந்தது. தின்னக் கூடாது, கொல்லக் கூடாது, வீட்டுக்குள்ளும் வரக் கூடாது என்றால் அந்த மீனை என்னதான் செய்வது என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வியை என் மனைவியிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அவள் அந்த உறைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். இரண்டு போன வருட ஆவணி, புரட்டாசி. இரண்டு இந்த வருட வைகாசி. திரும்பவும் வாசித்தாள்.

"நாலும் ஆனிக்கு முன்னமே பிடிபட்டிருக்கின்றன" என்றாள்.

"ஓம். அதுக்குத்தான் அந்தத் தண்ணிக்க நிண்டன்" என்றார் அண்ணை தமிழில், கண்ணைத் திறக்காமல்.

கூடு கட்டும் மாதத்தில் ஏரியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கெளுத்தி. தனி ஒன்று என்னத்தைப் பெருகும்? ஆனால் அவள் எங்கள் வார்த்தையை மட்டும் நம்பவில்லை, அது அவள் தொழில். நாணல் மூலையிலும் மற்றக் கரையிலும் சின்னக் கண்ணி வலைகள் போட்டுக் குஞ்சு தேட வேண்டும், அதுவரை ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

அந்த மூன்று கிழமையை நான் எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி இரண்டாகியது. "ஏரியில இரிந்து சேதி வந்திற்றா? பேப்பர் வந்திற்றா?" கடைசியில் மதாம்தான் தொலைபேசி எடுத்தார். வலையில் ட்ரவுட் குஞ்சு வந்தது, தவளைக் குஞ்சு வந்தது, மீசை வைத்த ஒன்றும் வரவில்லை. மருந்து இல்லை. அடுத்த வருடமும் வலை போட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் கராஜுக்குள் போய், அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

எனக்குத் தண்டம் விழுந்தது, பேப்பரை மறிக்கிற கேஸ் அல்ல. ஒரு பருவத்துக்கு அந்தப் பக்கம் மீன் பிடிக்கவும் தடை. நாலு மீனைச் சொல்லாமல் விட்டதற்காக அண்ணைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அது கிடைத்த அன்றே நாலு பக்கத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினார். கூடவே, அந்த வருடம் தன்னைப் பார்த்துவிட்டுப் போன மீன்களின் நிலுவைப் பட்டியல் முழுவதையும் மதாமுக்கு ஒப்படைத்தார். பதினொன்று.

இப்போது அவர் மொன்றியலில் இல்லை. கல்கரியில் மகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். இரண்டும் தவழத் தொடங்கிவிட்டதால் அவருக்கு முழுநேர வேலை. திராட்சை வெட்ட இரண்டு வாய் சேர்ந்திருக்கிறது. தடை முடிந்துவிட்டது, ஏரிக்கு நான் தனியேதான் போகிறேன். லூன் சிரிக்கும்போது இப்போதும் கை நடுங்கும். போய் நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அங்கே இன்னும் விடியவில்லை, தொலைபேசி அடிக்கும்.

"உன்ட பேப்பர் வந்திற்றா மனே?"

பேப்பர் வந்தாயிற்று. சத்தியம் செய்து, சான்றிதழ் கைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. மனைவி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரிலும் மாட்டிவிட்டா. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு கிழமையும் பதில் சொல்கிறேன்.

"இன்னும் வரேல்லை அண்ணை."

"பயப்புடாத. அடுத்த கிழமையும் எடுக்கிறன். கவனம்."